லைன் கிடைக்கும் இடம்

எங்கள் வீட்டில் லைன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. மலேசியாவில், பெம்பான் ஊரை ஒட்டிய தோட்டத்தில் அப்பா குடியிருப்பது, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஓடும் பெல்ட் முன்னால் நான் நின்று வேலை செய்வதும் லைன். கிளினிக்கில் காத்து நின்றால் அதுவும் லைன்தான். கவிதையின் ஒரு வரிக்கும் இதே பெயர் என்று பின்னால் அறிந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு லைன் என்றால் பட்டன் போனில் ஏறி இறங்கும் சிக்னல்.

வீட்டுக்குள் அது கிடைக்காது. வீட்டு வரிசை முடிகிற இடத்தில், பழைய தண்ணீர்த் தொட்டியருகே போக வேண்டும். தினமும் என் சாப்பாட்டு நேரத்துக்கு அங்கே நடந்துபோய் ஒரு மிஸ்கால் விடுவார். நான் எடுக்க மாட்டேன். திருப்பி ஒன்று விடுவேன். நல்லா இருக்கேன். நானும்தான். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மிஸ்கால் வரவில்லை. அழைத்தேன். தொடர்பில் இல்லை என்று ஒரு பெண்குரல் மலாய் மொழியில் பணிவாகச் சொன்னது. மறுபடியும் அதே பணிவு. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லைன் லீடரிடம் கேட்டேன்; அவள் என்னைவிடச் சின்னவள்.

"மாத்தி நிக்க ஆள் இல்லக்கா. நீங்க போனா லைன் நின்னுரும்லா."

அவள் சொன்னது பொய்யில்லை. போனை லாக்கரில் பூட்டிவிட்டுத் திரும்பி நின்றேன். பெல்ட் ஓடியது, ஓடியது. கைகள் யாருடையவோ போல வேலை செய்தன.

ஷிப்ட் முடிந்து மழையோடு மோட்டார் சைக்கிளைத் தோட்டத்துக்கு விரட்டினேன். தொட்டியடியில், கவிழ்த்த வாளிமேல் அப்பா உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு பிளாஸ்டிக் பை, போனுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. உடம்பு கொதித்தது.

"மத்தியானத்துலேருந்து அடிக்கிறேன், போகவே மாட்டேங்குதும்மா. உள்ள போயிட்டா லைன் வர்றது தெரியாதே. நீ பயந்துருவேன்னுதான்."

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். என்னோடு வந்துவிடுங்கள் என்றேன். சரியா, வேண்டாமா என்று தெரியாதபடி தலையை ஆட்டினார். இனி மிஸ்கால் வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப நீ நல்லாருக்கேன்னு எனக்கு யார் சொல்வா?"

இன்று மத்தியானமும் வந்தது. திருப்பி விட்டேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நனையாமல் வீட்டுக்குள் போய்விட்டேன் என்று அப்பா சொல்ல எங்களிடம் இன்னொரு மிஸ்கால் கிடையாது.