அக்காவின் நெஞ்சுப் படம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படம் எடுத்துக்கொண்டது அக்காதான். முகத்தை விட்டுவிட்டு நெஞ்சை மட்டும் எடுத்த படம். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில், இருட்டறைக்குள் ஒரு பலகையில் மார்பை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி எடுத்தார்கள். நான் அப்போது கீரமங்கலத்தில் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் என்பதால், ஆஸ்பத்திரி போர்டுகளைப் படிக்க அப்பா என்னையும் கூட்டிப்போயிருந்தார்.

அக்காவுக்கு டி.பி. இருமலில் ரத்தம் கண்டதும் புகுந்த வீட்டில் அவளை எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். பால்குடி மறக்காத பிள்ளையை மாமியார் வைத்துக்கொண்டார். "படம் சுத்தமா வரட்டும், சொல்லி அனுப்புங்க. நானே பேரனைத் தூக்கிக்கிட்டு வாரேன்" என்று சொல்லியிருந்தார். சுத்தமாக வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த நோய் வந்து எழுந்து நடமாடிய ஒருவரையும் எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை.

டாக்டர் மட்டும் வேறு மாதிரி பேசினார். "இப்ப இதுக்கு மருந்து வந்துருச்சு. ஊசியையும் மாத்திரையையும் விடாமப் போட்டாச் சரியாயிரும்" என்றார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மேலே ஓர் இடத்தில் பேனாவை வைத்து, "இங்கதான் கறை" என்றார். அப்பாவின் முழங்கைக்குப் பின்னாலிருந்து எனக்குப் பேனா முனைதான் தெரிந்தது.

அந்தப் படத்தை அம்மா வீட்டுக்குள் விடவில்லை. நோயைப் பிடித்து அதற்குள் அடைத்திருக்கிறார்கள், ராத்திரியில் வெளியே வந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. வேப்பிலையோடு சேர்த்துச் சுற்றி மாட்டுக்கொட்டகைக் கூரையின் இறவாணத்தில் செருகிவைத்தாள். பாதி நோய் படத்துக்குள் போய்விட்டது, மீதிக்குத்தான் மருந்து என்பது அப்பாவின் கணக்கு. நான் படித்தவன். இரண்டையும் கேட்டுச் சிரித்தேன்.

தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் அக்காவைக் கம்பவுண்டரிடம் ஊசி போடக் கூட்டிப்போவது என் வேலை. அவள் எனக்குப் பத்தடி பின்னால்தான் வருவாள். கிட்டே போனால், "அங்கிட்டுத் தள்ளி நடடா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஊசி குத்திக் குத்தி அவள் இடுப்பு வீங்கிப்போயிற்று. காதுக்குள் வண்டு பறக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். ஆனால் நாளாக ஆக இருமல் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் தனித் தட்டு, தனிப் பாய் என்று இருந்தவள், சில நாள் தனக்குத்தானே பாடக்கூடச் செய்தாள்.

பல மாதம் கழித்து ஒரு புதன்கிழமை சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது படம் எடுத்தோம். டாக்டர் வெளியூர் போயிருந்தார். "அடுத்த புதன்கிழமை ரெண்டு படத்தையும் கொண்டாந்து காட்டுங்க" என்று ஆஸ்பத்திரிக்காரர் உறையைக் கையில் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய படத்தை இறவாணத்திலிருந்து உருவினார். வேப்பிலைச் சருகு கொட்டியது.

"நீதான் படிச்சவனாச்சே. பாத்துச் சொல்லுப்பா."

இரண்டையும் வெயிலுக்கு நேரே பிடித்தேன். முதல் படத்தில், டாக்டர் பேனா வைத்த இடத்தில், மோர் சிந்தியது போல வெள்ளையாக இருந்தது. இரண்டாவதில் அந்த வெள்ளை இல்லை. அங்கே முழுக்கக் கறுப்பு ஏறியிருந்தது.

கறை என்றால் கறுப்பு. என் சட்டைப் பையில் இருந்த மைக்கறை, அப்பா வேட்டியில் இருந்த வாழைக்கறை எல்லாம் அப்படித்தானே? நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டினேன். அக்காவின் கன்னத்தில் சதை பிடித்திருந்ததை நான் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் படம் என்பது புத்தகம் மாதிரி, அது பொய் சொல்லாது என்று நம்பினேன். படித்ததனால் வந்த வினை.

அக்கா சாய்ப்பு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொறைஞ்சிருக்குப்பா" என்றேன். "நல்லாக் கொறைஞ்சிருக்கு."

அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா அன்றைக்கே சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. சொன்னதை மாற்றிச் சொல்லலாமா என்று மூன்று நாள் வாயைத் திறந்து திறந்து மூடினேன். சோறு இறங்கவில்லை. "பரீச்சையாடா?" என்று கேட்டாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் பேரனோடு வண்டியில் வந்து இறங்கினார்.

"வாங்க தம்பி! டாக்டரு பாக்க வேண்டியதை நீங்களே பாத்து முடிச்சுட்டீங்களாமே? எனக்கு முட்டிவலி, அதுக்கும் ஒரு படம் பாத்துச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையைக் கீழே விட்டார். நடக்கப் பழகியிருந்தான். தத்தித் தத்தி அக்கா இருந்த பக்கமாகவே போனான். நோய் ஒட்டினால் பிள்ளை செத்துப்போவான், கொன்றவன் நான்தான். கத்த வாயைத் திறந்தேன்.

அக்கா பின்னால் நகர்ந்தாள். சாய்ப்புக்குள் போய் வாசலின் ஓலைப் படலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிட்டே இருக்கட்டும் அத்தை. எனக்குச் சளி புடிச்சிருக்கு. புதங்கிழமை டாக்டரு சொல்லட்டும், அப்பறம் தூக்குறேன்."

"நல்லாயிருக்கேடி! பெத்தவளுக்குப் புள்ளையைத் தூக்கக் கசக்குதா? இதுக்குத்தான் இத்தனை தூரம் வண்டி கட்டிக்கிட்டு வந்தேனா?"

அக்கா படலுக்கு மேலே கையை நீட்டி மெல்லக் கைதட்டினாள். பிள்ளை கொஞ்ச நேரம் யாரோ என்று பார்த்துவிட்டு, அவனும் தட்டினான். அவள் தட்ட, அவன் தட்ட, வெகுநேரம் அப்படியே நடந்தது. மாமியார் கோபத்தோடு அவனைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினார். அக்காவுக்குப் பிள்ளை மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். நல்லவேளை மறந்தாள் என்றும் நினைத்தேன்.

புதன்கிழமை டாக்டர் இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் மாட்டினார். "இங்க வெள்ளையா இருந்துச்சு பாருங்க, அதுதான் கறை. இப்ப இல்லை. மத்த இடம் மாதிரியே கறுப்பாயிருச்சு. சளிப் பரிசோதனையும் சுத்தம். இனிமே பயமில்லாமப் பிள்ளையைத் தூக்கலாம். மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க" என்றார்.

"எம்மவன் அன்னைக்கே சொல்லிட்டானுங்க" என்றார் அப்பா.

டாக்டர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். "அப்படியா? எதை வச்சுடா கண்டுபிடிச்ச?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அவனுக்குக் கண்ணு கூர்மை சார்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்தாள். அவள் என்னைத் தொட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

என் பொய் யாருக்கும் தெரியாமல் தப்பிவிட்டது என்ற சந்தோஷத்தில் நான் பஸ்ஸில் தூங்கிப்போனேன். வெயிலில் நான் படம் பார்த்த அன்று அக்கா படத்தைப் பார்க்கவேயில்லை, என் முகத்தை மட்டுமே பார்த்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த ஒரு வாரமும் தான் பிழைக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அவள் இருந்திருக்கிறாள். அப்படி நினைத்துக்கொண்டேதான் படலுக்கு அப்பாலிருந்து கைதட்டியிருக்கிறாள்.