கைவிடும் உயரம்

நூறு பேருக்கு மேல் புல்தரையில் குனிந்து நின்றார்கள். ஒருவர் சட்டைக் கையை மற்றவர் பிடித்தபடி, அடி மேல் அடி வைத்து நகர்ந்து ஒரு பெரிய வட்டமாகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நரைத்த தலைகளும் தொப்பை வயிறுகளும் பச்சை குத்திய கைகளுமாக இருந்த அந்தக் கூட்டத்தில் யாருமே பேசவில்லை. எல்லோரும் பளீர் நிறங்களில் இறுக்கமான முழு உடுப்பு அணிந்திருந்தார்கள். அக்கா வீடு இருக்கும் ரவுண்ட் ராக் நகரிலிருந்து வெகுதூரம் காரில் போனால், சோளக் காடுகளுக்கு நடுவே ஒற்றை ஓடுபாதையோடு கிடக்கும் சிறிய விமானத் திடல் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏ பிள்ள, சிரிக்காத. மேல என்ன செய்யப் போறோமோ அதைத்தான் தரையில நடந்து பாக்கோம். ஊர்ல கும்மிக்கு ஒத்திகை பார்த்தா சிரிப்பியா?" என்றார் அத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். தென்காசிப் பக்கத்துக்காரர். ரவுண்ட் ராக்கில் சிப் வடிவமைக்கும் வேலையில் இருந்தார். மீட்டிங்கில் தன் முறை வரும்போதுகூடத் தொண்டையைச் செருமிவிட்டு, யாராவது முந்திக்கொண்டால் அப்படியே விட்டுவிடுகிற மனிதர். ஆபீஸில் ஏழெட்டுப் பேர் ஆசைக்கு ஒரு தடவை, பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, விமானத்திலிருந்து குதித்துவிட்டு வந்தார்கள். மற்றவர்கள் போட்டோவை நண்பர்களுக்கு அனுப்பியதோடு மறந்துவிட்டார்கள். அத்தான் மட்டும் அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். தனியாகக் குதிக்க லைசென்ஸ் வாங்கினார். சில வருடங்கள் கழித்து, வேறொரு நகரமான பிளானோவில் வேலையும் வீடுமாகத் தனியே கிடந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பயந்தாங்கொள்ளி என்று பெயரெடுத்த நான் எப்படிச் சம்மதித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்தத் திடலில் பெரிய கூட்டம் கூடும். பல மாநிலங்களிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, கூடாரம் அடித்து, நான்கைந்து நாட்கள் தங்குவார்கள். லாரி ஓட்டுகிறவர், ஓய்வுபெற்ற நர்ஸ், பல் டாக்டர், ஓக்லஹோமாவிலிருந்து வரும் பள்ளிக்கூட வாத்தியார் என்று பலதரப்பட்டவர்கள். எல்லோரையும் நடத்துகிறவர் அறுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா. அத்தானும் நானும் அவரைக் கேப்டன் என்றே சொல்வோம். விமானம் நிறுத்தும் ஹேங்கரின் சிமெண்ட் தரையில் எல்லோரும் முழங்காலிட்டு அவரவர் பாராசூட்டை மடிக்கும்போது அரட்டையும் பாட்டும் ஓடும். அத்தான் கொண்டுபோகும் புளியோதரைக்கு முதல் ஆள் வாத்தியார்தான். காரம் தாங்காமல் கண்ணில் நீர் வடிய, இன்னும் கொஞ்சம் போடச் சொல்வார். விமானம் ஏறும் முன் யாரென்றே தெரியாதவர்கூட என் முதுகுப் பையின் மூடியைத் திறந்து, பாராசூட்டைப் பூட்டிவைக்கும் ஊசி சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்த்து, மூடி, தோளில் தட்டுவார். அந்தத் தட்டலுக்கு உன் உயிரை நானும் பார்த்துக்கொண்டேன் என்று அர்த்தம்.

"ஆபீஸ்ல பதினஞ்சு வருஷமா இருக்கேன், இன்னும் அங்க யாருக்கும் என் பேரைச் சரியா சொல்லத் தெரியாது. இங்க பாத்தியா?" என்று ஒருமுறை கேட்டார் அத்தான். உண்மைதான். அவருடைய நீளமான பெயரை அந்த லாரிக்காரர் ஒரு எழுத்துக்கூடச் சிதைக்காமல் கூப்பிடுவார். அங்கே அத்தான் சத்தமாகச் சிரிப்பார். அப்படிச் சிரித்து நான் வீட்டில் பார்த்ததில்லை.

பல விமானங்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி மேலே ஏறும். உயரம் போகப் போக ஆக்சிஜன் குழாயை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்போம். கதவு திறந்ததும் உள்ளே பாயும் குளிரில் காது அடைத்துப் போகும். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கொட்டுவோம். நடுவில் சிலர் முதலில் கைகோக்க, மற்றவர்கள் காற்றில் நீந்தி வந்து அவரவர் இடத்தில் சேர வேண்டும். என் இடம் அத்தானுக்குப் பக்கத்தில். அவர் சட்டைக் கையைப் பிடிக்கும்போது, காற்றில் கன்னங்கள் அதிர, அவர் முகம் குழந்தை முகம் போல இருக்கும். ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். குறித்த உயரம் வந்ததும் கையை விட்டுவிட்டுத் திரும்பி, ஒருவரைவிட்டு ஒருவர் எவ்வளவு தூரம் பறந்து விலக முடியுமோ அவ்வளவு விலக வேண்டும். அப்போதுதான் பாராசூட் விரிக்க இடம் கிடைக்கும். சேர்வதைவிட விலகுவதற்குத்தான் கேப்டன் எங்களை அதிகம் பழக்கினார்.

அக்கா ஒரே ஒரு தடவை மகளோடு அங்கே வந்தாள். மேலே பார்க்காமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். "உங்களுக்கு அங்க என்னதான் கிடைக்கி?" என்று திரும்பும் வழியில் கேட்டாள். அத்தான் ரோட்டைப் பார்த்தபடியே, "சொல்லத் தெரியல" என்றார். அதன்பின் அவள் சண்டை போடவில்லை. சனிக்கிழமை காலைகளில் அவர் கிளம்பும்போது அவள் அடுக்களையை விட்டு வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

அது நடந்தது ஒரு கூட்டத்தின் கடைசி நாள், கடைசி ஜம்ப். அன்று நாங்கள் போட நினைத்த வட்டம் முழுதாக அமைந்தது. ஓர் இடம்கூடக் காலியில்லை. அத்தான் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கையை விட்டோம், திரும்பினோம், விலகினோம். என் பாராசூட் ஒழுங்காக விரிந்தது. சுற்றிலும் வானம் நிறைய வண்ணத் துணிகள் மிதந்தன. யாரோ மகிழ்ச்சியில் கத்துவது காற்றில் கேட்டது. நான் இறங்கி, துணியைச் சுருட்டிக்கொண்டு திரும்பியபோது திடலின் மறுகோடியை நோக்கி எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தரைக்குக் கொஞ்ச உயரத்தில், இரண்டு பனை உயரம் இருக்கலாம், அத்தானுடைய பாராசூட்டும் வாத்தியாருடையதும் மோதிச் சிக்கிக்கொண்டன. அந்த உயரத்தில் எதையும் செய்ய நேரம் கிடையாது. வாத்தியார் கால் முறிந்து மயங்கிக் கிடந்தார். அத்தானின் பக்கத்தில் நர்ஸ் முழங்காலிட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். நான் நெருங்குவதற்குள் கேப்டன் குறுக்கே வந்து என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். அவர் உடுப்பில் புல்லும் வியர்வையும் மணத்தன. ஹெலிகாப்டர் வந்து வாத்தியாரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனபோது எனக்குப் புரிந்துவிட்டது.

அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன்.

"எந்த ஹாஸ்பிடல்? அட்ரஸ் அனுப்பு, நான் டிரைவ் பண்ணி வந்துருதேன்."

"ஹாஸ்பிடல் இல்லக்கா."

"பின்ன?"

அடுப்பை யாரோ அணைக்கும் சத்தம் கேட்டது. அவள்தான் அணைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு இரண்டு கூட்டம் வந்தது. நம்மவர்கள் சாம்பாரும் தயிர்சாதமும் டப்பாக்களில் கொண்டுவந்து வரவேற்பறையில் உட்கார்ந்தார்கள். திடலிலிருந்து வந்தவர்கள் உள்ளே வரத் தயங்கிப் புல்வெளியில் நின்றார்கள். "குடும்பஸ்தன் பண்ற வேலையா இது? பொண்ணு ஹைஸ்கூல் படிக்கா" என்று ஓர் அங்கிள் தணிந்த குரலில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அடுத்த வாரம் அத்தானின் கூடாரத்தை எடுத்துவர நான் திடலுக்குப் போனேன். தூரத்திலேயே விமானச் சத்தம் கேட்டது. அதே புல்லில் புதியவர்கள் சிரித்தபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தை மடிக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே அள்ளி டிக்கியில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். மோசமானவர்கள் என்று அவர்களை வழியெல்லாம் திட்டினேன். அவர்களில் ஒருத்தியாகத்தானே நானும் இருந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கொஞ்ச நாள் கழித்துக் கேப்டன் போன் செய்தார். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் சாம்பலில் கொஞ்சத்தை எடுத்துப்போய், நண்பர்கள் கைகோத்து, வானத்தில் விட்டுவிடுவார்கள். குடும்பம் சம்மதித்தால் மட்டும், என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அதை அக்காவிடம் கேட்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

நான் கேட்டதை அக்கா ஊருக்குச் சொன்னாள். அத்தானின் அண்ணன் தென்காசியிலிருந்து வீடியோவில் வந்தார். "காத்துல தூவதுக்கு அவன் என்ன அநாதையா? தாமிரபரணியில கரைக்க நாங்க இல்லையா? ஒரு துளி குறையக் கூடாது பாத்துக்கோ." அக்கா சரி என்று தலையாட்டினாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் வாத்தியார் இரண்டு ஊன்றுகோல்களோடு நின்றார். அவருடைய மனைவிதான் அவ்வளவு தூரமும் வண்டி ஓட்டி வந்திருந்தார், ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. வாத்தியார் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். யார் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று தினமும் யோசிக்கிறேன், விடை கிடைக்கவில்லை என்றார். கடைசியில் அத்தான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாராம். வாத்தியார் ஒரு பக்கம் விலகினாராம். அத்தானும் அதே பக்கம் விலகினாராம். அதைச் சொல்லும்போது தன் இரண்டு உள்ளங்கைகளையும் காற்றில் நகர்த்திக் காட்டினார். கைகள் ஒன்றையொன்று தொட்டதும் அவற்றை மடியில் போட்டுக்கொண்டு தலை குனிந்துகொண்டார்.

அக்கா நின்றுகொண்டே கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆங்கிலத்தில், சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவர் பதில் சொல்லும் முன்பே அடுக்களைக்குப் போய்விட்டாள். அன்று எலுமிச்சைச் சாதம் செய்திருந்தாள். தட்டில் போட்டுக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். அத்தான் போனதிலிருந்து அழாமலிருந்த அக்கா, அவர் சாப்பிடுவதைப் பார்த்துச் சுவரில் சாய்ந்து அழுதாள்.

அவர் போன பிறகு, "அவனை நல்லா கேட்டுவிடணும்னுதான் உள்ள விட்டேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "கடைசியா அவரு கூப்பிட்டது அவனைத்தான், என்னடி" என்றாள். பிறகு உள்ளே போய்ச் சாம்பல் இருந்த பாத்திரத்தை எடுத்துவந்து என்முன் வைத்தாள். "ஒரு கைப்பிடி. நீயே கொண்டுபோ, வேற யார்கிட்டயும் குடுக்காத. பெரியத்தான்கிட்ட நான் பேசிக்கிடுதேன்." அத்தானின் அண்ணன் அதன்பின் எங்களோடு பேச வெகுகாலம் ஆயிற்று. மீதியைப் பாபநாசத்தில் கரைத்தபோதும் அக்காவின் முகத்தைப் பார்க்காமலேயே நின்றார்.

அந்தக் கூட்டம் இப்போதும் வருடந்தோறும் கூடுகிறது. கேப்டன் தவறாமல் கூப்பிடுகிறார். நான் போவதில்லை. அவர்கள்மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. பிளானோவின் டோல்வே சாலையில் ஓட்டும்போது எங்காவது சிறிய விமானம் ஏறுவது கண்ணில் பட்டால், இப்போது கதவைத் திறந்திருப்பார்கள், யாரோ யார் தோளையோ தட்டியிருப்பார்கள் என்று மனம் சொல்லும். அந்தத் தட்டல் வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்காக மறுபடியும் போகிற துணிவும் இல்லை. நான் கடைசியாகக் குதித்தது அந்தச் சாம்பலோடுதான்.

அன்று பத்துப் பேர்தான். கைகோத்தபின் கேப்டன் தலையசைத்தார். என் மார்போடு கட்டியிருந்த துணிப்பையைத் திறந்தேன். அது கீழே போகும் என்று என் மனதில் ஒரு படம் இருந்தது. நாங்கள் அதைவிட வேகமாக விழுந்துகொண்டிருந்ததால் அது மேலே போனது. ஒரு சாம்பல் நிறக் கோடு, இமைப்பதற்குள் ஒன்றுமில்லை. என் கண்ணாடியில் கொஞ்சம் படிந்தது, பல்லில் கொஞ்சம் நறநறத்தது. பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன், அதற்குள் கையை விடும் உயரம் வந்துவிட்டது.

அக்கா இந்த முறை காரைவிட்டு இறங்கி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வேலிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றியபடி அவளிடம் நடந்தேன்.

"மேல எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் தெரியலக்கா. டக்குனு போயிட்டாரு."

"அன்னைக்கும் அப்படித்தான போனாரு" என்றாள்.

என் புருவத்திலும் முன்முடியிலும் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். துப்பட்டா நுனியால் துடைக்கக் கையை உயர்த்தியவள், பாதியில் இறக்கிக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பினோம். காரை நிறுத்தியதும், சாவுக்குப் போய்வந்தவர்களிடம் சொல்வதுபோல, "உள்ள எதையும் தொடாத. நேரா போய்த் தலைக்கு ஊத்திக்கோ" என்றாள். நான் பாத்ரூம் கதவில் கை வைத்தபோது பின்னாலேயே வந்தாள்.

"இரு. கொஞ்ச நேரம் கழிச்சுக் குளி."

ஹாலில் என் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு, என் புருவத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கும்வரை நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.