எலுமிச்சை விதை நசுக்கிய ரேஸ் கார்

எழுபதுகளில் பாண்டிச்சேரியில் சொந்தமாக ரேஸ் கார் வைத்திருந்த ஒரே மில் தொழிலாளி நான்தான். வைத்திருந்தது நிஜம். ஆனால் அதில் உட்கார முடியாது. என் நடுவிரல் நீளம்தான் கார்.

உலோகத்தில் வார்த்த பொம்மை. மேல்மூடி இல்லாத, பழைய காலத்து ரேஸ் காரை அப்படியே சின்னதாக்கிச் செய்தது. நீல நிறம், மூக்கில் வெள்ளையாக 6. பள்ளிக்கூடம் போகாத எனக்கு அப்போது எண் மட்டும் படிக்க வரும். தறிகளுக்கு எண் போட்டிருந்த புண்ணியம். எழுத்து கற்றது ரொம்பப் பிறகு.

அதைக் கொடுத்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். உழவர்கரையில் எங்கள் தெருக்கோடியில் மாடி வீடு. கண்ணாடி அலமாரி நிறைய இதுபோன்ற கார்கள். யாரும் தொடக்கூடாது. ஒருநாள் நான் அவர் வீட்டுக் குழாயைச் சரிசெய்து கொண்டிருந்தபோது, பூனை தாவியதில் ஆறாம் நம்பர் விழுந்து ஒரு சக்கரம் தொலைந்தது. குப்பைக்குப் போகுமுன் கேட்டுவிட்டேன்.

"எடுத்துக்கோ. மூணு சக்கரத்துக்கு நீதான் சரியான ஆளு" என்றார்.

என் சட்டைப் பட்டனைப் பிய்த்துச் சக்கரமாக்கினேன். தறி எண்ணெய் விட்டேன். கார் ஓடியது. நான்தான் நெஞ்சு தெரிய நடந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. தறிக்குப் பொட்டு, சைக்கிளுக்குப் பொட்டு. என்னிடம் சைக்கிள்கூட இல்லை. காருக்கு வைக்கலாம் என்று, பூஜைப் பாத்திரம் தேய்ப்பதுபோல் புளியும் செங்கல் தூளும் போட்டு அழுத்தித் தேய்த்தேன். மூக்கில் பாதி நீலம் போய்விட்டது. ஆறுக்கு மேலே இருந்த கொம்பும் போய், வெறும் பூஜ்யம் மிஞ்சியது.

"இப்பத்தான்யா உனக்கேத்த நம்பரு" என்றாள் என் மனைவி.

எலுமிச்சம்பழம் வைத்தால் கார் அதன் மேல் குந்திக்கொண்டது. அதனால் நாலு சக்கரத்துக்கும் நாலு விதை வைத்தேன். விதை நசுங்க என் கட்டைவிரலும் கொஞ்சம் உதவியது. அது முதல் வருஷா வருஷம் விதைதான்.

எண்பதுகளில் ஒரு ஜூலை மாதம். பிரெஞ்சு தேசிய தினம் என்று சொல்தாக்கள் மெடல் குத்தி ஊர்வலம் போகும் பதினான்காம் தேதிக்கு ரெண்டு நாள் முன்னால், அவர் என் வாசலில் நின்றார். அவருடைய பழைய அதிகாரி பிரான்சில் இருந்து வருகிறாராம். அவரும் கார் சேர்ப்பவராம். அலமாரியில் ஆறாம் நம்பரின் இடம் மட்டும் காலியாம்.

"அந்தக் கார குடுத்துடுப்பா."

"குடுத்தத திரும்பக் கேக்கலாமா முசியே?"

"உன்னாட்டம் ஆளு வச்சிக்கிற சாமானா அது?"

எடுத்துவந்து காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"மூஞ்சில இன்னா குங்குமம்? பெயிண்ட் எங்க? பாழாக்கிட்டியே. இதுக்கு இனி ஒரு மதிப்பும் இல்ல. குடு, நான் சரிபண்ணிக்கிறேன்."

"மதிப்பில்லன்னா இங்கியே கெடக்கட்டும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் என்றைக்கு நின்றது? "உங்க அலமாரியில நல்ல காரா ஒண்ணு எடுத்தாங்க. ஓட்டிப் பாப்போம். உங்களுது முந்திச்சின்னா என்னுத எடுத்துட்டுப் போங்க."

விறுவிறுவென்று போய்ச் சிவப்புக் கார் ஒன்றைக் கைக்குட்டையில் ஏந்தி வந்தார். பளபளவென்று இருந்தது. அதற்குள் தெருவே கூடிவிட்டது.

சரிவாக இருந்த எங்கள் துவைக்கிற கல்தான் ரேஸ் ரோடு. ரெண்டையும் மேலே வைத்து ஒன்றாகக் கையை எடுத்தோம். சிவப்பு அசையவில்லை. அலமாரியிலேயே நின்று உப்புக்காற்றில் அச்சு இறுகிப் போயிருந்தது. என்னுடையது பட்டன் சக்கரத்தோடு நொண்டி நொண்டி இறங்கி, கீழே சோப்புத் தண்ணீரில் விழுந்தது.

தெரு சிரித்தது. சொல்தா குனிந்து என் காரை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். குங்குமம் ஒட்டிக்கொண்டது. பட்டன் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, காரை என் கையிலேயே திருப்பி வைத்துச் சொன்னார்...

"இந்தாய்யா, எழுதிக் கிழிச்சது போதும். கற்பூரம் கொளுத்தப் போறேன். வெதய வச்சிட்டேன், வந்து உன் வண்டிய ஏத்து" என்று உள்ளேயிருந்து என் மனைவி கத்துகிறாள். இன்றைக்கு ஆயுத பூஜை.

என் வண்டி. நான்தானே போக வேண்டும்.