வழுக்கும் பானெட்

இவரைப் பற்றி எழுத வேண்டாமென்றே இருந்தேன், சோம்பல்தான். உப்பளம் பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர், பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன்காரர்; அதனால் தெருவுக்கே அவர் 'முசியே', பிரெஞ்சில் ஐயா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் சிவப்புக் காரை நிழலில் நிறுத்தி, மெழுகு பூசித் துணியால் தேய்ப்பார். ஒரு கதவு பளபளத்ததும் குனிந்து, அதில் முகம் பார்த்து மீசையை வாரிக்கொள்வார்.

"என்னா முசியே, காருக்குப் பொண்ணு பாக்க வராங்களா?" என்றேன்.

"போடா! அந்தத் தெருப்பூனை பானெட்லயே ஏறிப் படுத்து பெயின்ட்ட கீறி வைக்குது. இன்னைக்குப் போட்ட மெழுகுல அது எப்பிடி நிக்குதுன்னு பாக்கறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, மதில்மேலிருந்து பூனை பானெட்டில் குதித்தது. நாலு காலும் நாலு பக்கம் போக, சறுக்கிக்கொண்டே வந்து தரையில் விழுந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரோ துணியை வீசிவிட்டு ஓடிப்போய்ப் பூனையைத் தூக்கினார். ஒவ்வொரு காலாக அமுக்கிப் பார்த்தார்.

"அடிபட்டுச்சாடா கண்ணு?"

பிறகு தோள்துண்டை பானெட்டின் மேல் விரித்து, அதைப் படுக்க வைத்தார்.

"அப்ப மெழுகு எதுக்கு முசியே?"

"மெதுவா பேசு. தூங்குது."

விரட்டத்தானே அவ்வளவு தேய்த்தார்? எனக்கு இன்னும் புரியவில்லை. நண்பனிடம் கேட்டேன்.

"பூனைய விடு, உன்னை ஏன்டா அவரு இன்னும் விரட்டல?" என்றான்.