வெறுங்காலோடு நடந்த ரீச்சர்

துறைமுகப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எங்கள் சோதனைக்கு மேற்பார்வையாளராக வந்த ரீச்சர், மண்டப வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். உயரமானவர், பாதித் தலை நரைத்திருந்தது. மீதி நேரத்தையும் வாயால் சொல்லாமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டால் எழுதுகிறவர்களுக்குப் பதற்றம் வந்துவிடுமாம்.

அது ஆசிரியர் நியமனச் சோதனை. ஐந்து மாத மகளை மடியில் போட்டுக்கொண்டு படித்திருந்தேன். வயதெல்லையால் அடுத்த முறை எழுத முடியாது. வெளியே வேப்பமரத்தடியில் தங்கச்சி அவளை வைத்திருந்தாள். வேறு தாய்மாரின் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள்.

இரண்டாவது கேள்வியை எழுதும்போது வெளியே ஒரு குழந்தை அழுதது. என் பேனை நின்றது. பால் சுரந்து சட்டை நனைந்தது. எழும்பப் போனேன். ரீச்சர் தோளைத் தொட்டு, "இருங்கோ, நான் பார்க்கிறன்" என்று வெளியே போனார். திரும்பி வந்து காதருகே குனிந்தார்.

"அது உங்கடை பிள்ளை இல்லை. உங்கடையவள் நித்திரை. எழுதுங்கோ."

எழுதி முடித்தேன்.

வெளியே தங்கச்சி பொரிந்து தள்ளினாள். "அக்கா, உன்ரை மகள் தொண்டை கிழியக் கத்தினவள்! அந்த ரீச்சரும் வந்து தூக்கிப் பார்த்தவ. உனக்குச் சொல்லேல்லையோ?"

ரீச்சர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் ரீச்சர் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எல்லாம் எழுதினனீங்களோ?"

"ஓம்."

"பிறகென்ன? போய்ப் பாலைக் குடுங்கோ."

எனக்குக் கோபமும் வரவில்லை, நன்றியும் வரவில்லை.

இப்போது சாம்பல்தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அவர் செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. வீட்டில் மகள் அழும்போது, 'அது உங்கடை பிள்ளை இல்லை' என்ற குரல்தான் முதலில் கேட்கிறது. அதன் பிறகுதான் எழும்பிப் போகிறேன்.