கரிவலம் டீக்கடையில் சர்வேயர் பேசியது

ஜெபராஜ் அண்ணாச்சி போய்விட்டார் என்று முருகையா வந்து சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "யாரு சொன்னா? நீரு நேர்ல பாத்தீரா?" என்பதுதான். முருகையா கோபப்படவில்லை. "பாத்துட்டுத்தான்வே வாரேன். காலைல நெஞ்சுவலி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார். அதன் பிறகுதான் நம்பினேன். அண்ணாச்சியைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் என் சுபாவமும் தெரியும்.

அவர் சர்வேயர், முருகையா கம்பவுண்டர், நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எழுபதுகளின் கடைசியில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமையும் மறுநாள் ஞாயிறும் எங்களுக்குச் சைக்கிள் நாட்கள். சனிக்கிழமை சங்கரன்கோவிலுக்குள்ளேயே சுற்றுவோம். ரத வீதி நெரிசலில் கால் ஊன்றாமல் போகவேண்டும் என்பது பந்தயம். அண்ணாச்சி ஒருநாளும் ஊன்றியதில்லை. வண்டியில் ஏதோ வேலை செய்துவைத்திருக்கிறார் என்று ஒருமுறை அதைக் கவிழ்த்துப் போட்டே பார்த்தேன். "செயினையும் கழட்டிப் பாரும்வே, சந்தேகத்த மிச்சம் வைக்காதியும்" என்று ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறன்று அதிகாலை ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வருவார். உண்மையிலேயே சர்ச்சுக்குப் போனாரா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். கண்மாய்க் கரை, வண்டிப்பாதை, கரிசல் காடு என்று மேலநீலிதநல்லூர் வரை மிதிப்போம். உடைமுள் குத்தினால் அவரே பஞ்சர் ஒட்டுவார். காற்று முதுகில் தள்ளும்போது மூன்று பேரும் வாய்விட்டுக் கத்துவோம். அந்த நாட்களில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்குக் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. அப்பா இல்லாத வீடு. மூன்று வரன்கள் தட்டிப்போய் இது நாலாவது. ஒரு ஞாயிறு கரிவலம் டீக்கடையில் இறங்கினோம். நான் முகம் கழுவித் திரும்பியபோது, மாப்பிள்ளையின் தாய்மாமனை ஓரமாக நிறுத்தி அண்ணாச்சி தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. நாலே நாளில் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் பாதி வழியில் அவருக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தினேன். "நீருதான கலைச்சீரு?"

"ஆமாவே, நான்தான்."

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். முருகையா பிடித்துக்கொண்டார்.

"உம்மளப் பத்தித்தான் சொன்னேன்" என்றார் அண்ணாச்சி. "பொண்ணோட அண்ணன் பொல்லாத சந்தேகக்காரன், இளையரசனேந்தல் வரைக்கும் போயி விசாரிப்பான்னேன். அம்புட்டுத்தான். அந்தப் பயலுக்கு அங்கன ஒரு குடித்தனம் இருக்குவே, புள்ளையும் இருக்கு. நிலம் அளக்கப் போனப்ப பாத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவீரா? என்னையல்லா சந்தேகப்படுவீரு."

அப்போதும் நான் நம்பவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் தனியாக இளையரசனேந்தலுக்கு மிதித்தேன். விசாரித்துப் போன வீட்டு வாசலில், பெண் பார்க்க வந்த அதே மாப்பிள்ளை ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். இறங்காமலே வண்டியைத் திருப்பினேன். இவனுக்கா கொடுக்க இருந்தேன்!

போய்ப் பார்த்ததை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வெட்கம்தான் காரணம். அவரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வழக்கம்போல என் வீட்டு வாசலில் வந்து பெல் அடித்தார். அதற்குப் பிறகு நான் அவரைச் சந்தேகப்பட்டதே இல்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் அவரே நம்பமாட்டார்.

தங்கை இன்று தென்காசியில் நல்ல மனிதர் ஒருவரோடு குடும்பமாக இருக்கிறாள். இத்தனை நாளும் ஜாதகக் கதையைத்தான் அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். அண்ணாச்சியின் அடக்கத்துக்கு வந்திருந்தாள். எல்லோரும் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"அவரு இருக்கும்போதே சொல்லியிருந்தா, நேர்ல போயி ஒரு கும்பிடு போட்டுருப்பேன்லாண்ணே" என்றாள்.

அவளுடைய நல்ல வாழ்வு அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது. அவள் போடாமல் போன அந்தக் கும்பிடும் என்னிடம்தான் இருக்கிறது.