வெல்வெட் தொப்பியும் ஒரு முட்டைக்கோசும்

அந்தக் கால ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் யார் எதை உடுத்தலாம் என்பதைக் குளிரும் வெயிலும் தீர்மானிக்கவில்லை; நகரசபைதான் தீர்மானித்தது. சபை உறுப்பினர் மனைவிக்கு வெல்வெட், ரொட்டிக்காரர் மனைவிக்கு நல்ல கம்பளி, வேலைக்காரிக்கு முரட்டுத் துணியும் அடக்கமும்.

சமையற்காரி அப்பொலோனியாவிடம் ஒரு தொப்பி இருந்தது. செத்துப்போன எஜமானி கொடுத்தது. ஓரத்தில் நாலு விரல் அகலம் வெல்வெட். முன் பெஞ்சுக்காரிகள் திரும்பிப் பார்க்க ஒரு ஞாயிறாவது அதோடு தேவாலயத்தில் உட்கார வேண்டும் என்பது அவளது பதினோரு வருஷ ஆசை. தலைக்குப் பழகட்டுமே என்று ஒரு செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போட்டுப் போனாள். ஆடைச் சட்ட அதிகாரி உல்ரிக் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, யார் வீட்டு வெல்வெட் இது? கழட்டு. ஜப்தி!”

“கொஞ்சம் பொறுங்கய்யா” என்று அவள் கூடையிலிருந்து உப்புமீன் பொட்டலத்தைப் பிரித்து, சுற்றியிருந்த காகிதத்தை நீட்டினாள். நகரத்தில் யார் யாருக்கு என்ன உடை என்று சபை படம் போட்டு அந்த மாதம்தான் அச்சடித்திருந்தது. அச்சுக்கூடத்தில் படக்கட்டைகள் இடம் மாறிவிட்டன. வெல்வெட்டில் மிதந்த சீமாட்டியின் கீழே ‘சந்தைக்குப் போகும் வேலைக்காரி’ என்றிருந்தது. வாத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளின் கீழே ‘சபை உறுப்பினர் மனைவி’.

“இது அச்சுப்பிழை!”

“அப்படிங்களா? அடியில, ‘பார்த்தேன், சரி’ன்னு போட்டு ஒரு பேர் இருக்கே. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும்... உல்... ரிக்...”

“ஐயா, சபைக்கார அம்மாங்க வாத்து தூக்குற படம் எங்கிட்ட இன்னும் நாப்பது கெடக்கு!” என்றாள் அந்த உப்புமீனை விற்ற மீன்காரி.

உல்ரிக் இருமினார். பிழை என்றால் பிழை அவருடையது.

“சரி, அச்சுல வந்தா சட்டந்தான். ஆனா சந்தைக்குப் போறப்ப மட்டும். வேற எங்கயாச்சும் பார்த்தேன், தொப்பி எனக்கு.”

ஞாயிறன்று தேவாலய வாசலிலேயே பார்த்தார். தலையில் வெல்வெட், கையில் கூடை, கூடையில் ஒரு முட்டைக்கோசு.

“என்னம்மா இது?”

“சந்தைக்குப் போற வழிங்கய்யா. நடுவுல ஒரு ஜெபம்.”

“ஞாயித்துக்கிழமை ஏது சந்தை?”

“செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குங்க. நான் கொஞ்சம் மெதுவா நடக்கிறவ.”

அதன்பின் இருபத்திரண்டு வருஷம், சாகும்வரை, ஞாயிறுதோறும் அவள் மெதுவாகவே நடந்தாள். முட்டைக்கோசு மட்டும் அவ்வப்போது மாறியது.